சொல்யூஷன் டப்பாவும் முதல் எட்டு வாரமும்

வேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தவுடன் முதல் தடை பப்பாளிக்கு வரும். அடுத்தது அன்னாசிக்கு. அதற்கடுத்தது அவள் வாய்க்கு: மூன்று மாதம் நிறையும்வரை வெளியில் மூச்சு விடக் கூடாது, கண் பட்டுவிடும். ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை பார்க்கிறவளுக்கு இந்தக் கடைசித் தடைதான் ஆபத்தானது. குழந்தையின் முதுகுத்தண்டு, இதயம், கை கால், உதடு எல்லாம் உருவாகி முடிவது அவள் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் அந்த வாரங்களில்தான். அவள் சொல்லலாம் என்று நினைக்கும்போது குழந்தைக்கு உருவம் வந்துவிட்டிருக்கும். அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் வளர்ச்சி.

நான் குடியாத்தம் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள். (2019 நவம்பரில் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் பேச்சில் இன்னும் எல்லாம் வேலூர்தான்.) அப்பர் பிரிவில், அதாவது ஷூவின் மேல்பாகம் தயாராகும் இடத்தில், பேஸ்டிங் வேலை. வெட்டி வந்த தோலின் ஓரத்தைச் சீவியிருப்பார்கள். அதில் பிரஷ்ஷால் சொல்யூஷன் (பசையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தடவி, சற்று உலரவிட்டு, மடித்து, சிறு சுத்தியால் தட்டித் தையலுக்கு அனுப்ப வேண்டும். மேசைக்கு மேசை மூடியில்லாத கிண்ணம். சேர்ந்த புதிதில் மதியத்துக்குள் நெற்றிப் பொட்டு வலிக்கும். சில வாரம் போனால் வாசனையே தெரியாது. பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பழகியது மூக்கு மட்டும்தான். ஆவி அதே அளவில்தான் இருக்கிறது.

பேஸ்டிங் உட்கார்ந்து செய்கிற வேலை. இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நின்று செய்யும் லாஸ்டிங் (அப்பரை அச்சின் மேல் இழுத்துப் பொருத்துவது), அழுத்தும் இயந்திரங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இது 'லேசான வேலை' என்று பெயர் பெற்றது. அதனால் யாராவது மாசமாக இருப்பதாகச் சொன்னால், இரக்கமுள்ள சூப்பர்வைசர் அவளை நின்று செய்யும் வேலையிலிருந்து எடுத்து எங்கள் மேசையில் உட்கார வைப்பார். நல்ல மனதோடுதான் செய்வார். கால் வீங்காது, இடுப்பு வலிக்காது. ஆனால் நாள் முழுக்க முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் சொல்யூஷன் கிண்ணம்.

2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம். அப்போது எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. வீட்டில் மட்டும் தெரியும். அத்தை ஜன்னலைச் சாத்தி, என்னை உள்ளறையில் படுக்க வைத்து, அரிவாள்மனையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். கம்பெனிக்கு லீவு போடச் சொல்லிவிட்டார். அந்த மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர நான் சொல்யூஷன் ஆவி படாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். கிரகணத்துக்கு இத்தனை ஏற்பாடு செய்கிற ஊரில், மறுநாள் காலை பஸ் ஏறிப் போய் அதே கிண்ணத்தின் முன் உட்கார்ந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் தெரியாது.

2020 ஆகஸ்ட்டில் மகன் பிறந்தான், மேலுதட்டில் பிளவோடு. அண்ணம் நன்றாக இருந்ததால் நிமிர்த்திப் பிடித்தால் பால் குடித்துவிட்டான். கொரோனாக் காலத்தால் தாமதமானாலும் உதட்டை அறுவை சிகிச்சையில் சேர்த்துவிட்டார்கள். இன்று உற்றுப் பார்த்தால்தான் தழும்பு தெரியும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "கிரகணத்தன்று எதை நறுக்கினாய்?" சிகிச்சை செய்த மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர்தான் முதன்முதலாக வேறு கேள்வி கேட்டார்: "என்ன வேலை பார்க்கிறீர்கள் அம்மா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். உலகில் எங்கே எடுத்துக்கொண்டாலும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 3 குழந்தைகள் ஏதாவது ஒரு பெரிய பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மரபணு, சத்துக்குறைவு, சர்க்கரை நோய், சில மாத்திரைகள், புகை, இரசாயனம் எல்லாம் கலந்து வேலை செய்கின்றன. உதடு சேர்வது கர்ப்பத்தின் ஏறக்குறைய 4ஆம் வாரம் முதல் 7ஆம் வாரத்துக்குள். அந்த வாரங்களில் நான் பேஸ்டிங்கில் இருந்தேன் என்பது உண்மை. அதனால்தான் இப்படி ஆனது என்று எந்த மருத்துவராலும் எழுதித் தர முடியாது என்பதும் உண்மை. கிரகணத்தைக் குற்றம் சொன்னவர்களைப் போல நான் டப்பாவைக் குற்றம் சொல்லத் தொடங்கினால் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆபத்தைக் கூட்டுவது எது என்று தெரிந்துகொள்வது வேறு, நடந்ததற்கு ஆள் தேடுவது வேறு.

ஆபத்தைக் கூட்டுவது எது என்பதற்கு 1999இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. வேலையிடத்தில் கரைப்பான்களுக்கு (பசை போன்றவற்றை இளக்கக் கலக்கும், எளிதில் ஆவியாகும் திரவங்கள்) ஆளான 125 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, ஆளாகாத பெண்களோடு ஒப்பிட்டார்கள். ஆளானவர்களின் குழந்தைகளில் 13 பேருக்குப் பெரிய பிறவிக் குறை. மற்ற பக்கத்தில் 1. அதைவிட முக்கியமானது அடுத்த வரி. வேலை நேரத்தில் தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை போன்ற அறிகுறிகள் இருந்த 75 பெண்களிடம்தான் அந்த 13இல் 12 வந்திருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு தொழிலாளிக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்றைத் தருகிறது: உடம்பு சொல்கிற அறிகுறியும் ஆவியின் அளவும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. மயக்கம் வரும் மேசை, கரு வளரும் பெண்ணுக்கு ஏற்ற மேசை இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மசக்கையிலும் குமட்டும், தலை சுற்றும். எங்கள் லைனில் பெண்கள் எல்லாவற்றையும் மசக்கைக் கணக்கில் எழுதிவிடுவார்கள், சூப்பர்வைசரும் அப்படியே. பிரித்தறிய எளிய வழி நாட்களைக் கவனிப்பது. மசக்கைக்கு வாரவிடுமுறை கிடையாது, பெரும்பாலும் காலையில் எழும்போதே இருக்கும். சொல்யூஷன் தலைசுற்றல் வேலை தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறும், வெளிக்காற்றுக்கு வந்தால் இறங்கும், ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகும். ஒரு சிறு நோட்டில் நேரத்தோடு குறித்து மருத்துவரிடம் காட்டினால் அவருக்கும் எழுதிக் கொடுக்க ஆதாரம் இருக்கும்.

மகன் கொஞ்சம் வளர்ந்து நான் வேலைக்குத் திரும்பியபோது டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சூப்பர்வைசருக்குத் தெரியாது. ஸ்டோரில் இருந்த அண்ணனுக்கும் தெரியாது, ஆனால் அவரிடம் ஒரு ஃபைல் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட் வரும்போது எடுத்து வைப்பதற்காக ஒவ்வொரு பசைக்கும் தின்னருக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் அதில் இருந்தது. இந்தத் தாள் எந்தக் கம்பெனிப் பொருளுக்கும் ஒரே அமைப்பில் 16 பகுதிகளாக இருக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். 3ஆம் பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று இருக்கும். 2ஆம் பகுதியில் அபாயக் குறியெண்கள். கர்ப்பிணி தேட வேண்டியவை மூன்று: எச் 360 என்றால் கருவுறும் திறனுக்கோ கருவுக்கோ கேடு செய்யக்கூடியது, எச் 361 என்றால் அப்படிச் செய்யும் என்ற ஐயம் உள்ளது, எச் 362 என்றால் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கேடு. டப்பாவின் மேலே, மனிதனின் மார்பில் நட்சத்திரம் சிதறியது போன்ற படம் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தாலும் இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் சொல்யூஷனில் இருந்தது டொலுயீன், ஹெக்சேன், மெத்தில் எத்தில் கீட்டோன். டொலுயீனுக்கும் ஹெக்சேனுக்கும் எச் 361: முதலாவது கருவுக்காக, இரண்டாவது கருவுறும் திறனுக்காக. டொலுயீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். போதைக்காகப் பசையை முகர்ந்த கர்ப்பிணிகளின் குழந்தைகள் சிறிய தலையோடும், முகத்தில் மாறுதல்களோடும், வளர்ச்சி குன்றியும் பிறந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரு பேஸ்டிங் மேசையில் அந்த அளவுக்கு வராது; ஆனால் எந்த அளவு வரை பாதுகாப்பு என்று கருவை வைத்து யாரும் கோடு போட்டுத் தரவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை டொலுயீனுக்கு 8 மணி நேரச் சராசரியாக 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை அனுமதித்தது. அமெரிக்காவின் தொழில் சுகாதார வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு 20. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்களுக்குக் கடையில் விற்கும் பசையில் டொலுயீன் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் ஒட்டிய ஷூக்கள் போனது அந்த ஊர்களுக்குத்தான்.

எல்லா இரசாயனமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செயற்கைத் தோல் தயாரிப்பிலும் சில பூச்சுகளிலும் வரும் டைமெத்தில் ஃபார்மமைடு எச் 360 வகை. அது தோல் வழியாகவே உடம்பில் இறங்கும், முகமூடி போட்டாலும் கை நனைந்தால் போச்சு. ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து இரத்தத்துக்கு வரும். பேட்டரி வேலை செய்தவள் இரண்டு வருடம் முன்பே விட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். டொலுயீன் அப்படிக் குடியிருக்காது. பெரும்பகுதி ஓரிரு நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். ஆகவே பேஸ்டிங்கில் இருப்பவள் எந்த வாரத்தில் இடம் மாறினாலும் அந்த வாரத்திலிருந்தே பயன்தான். ஐந்தாம் மாதத்தில் இதைப் படிக்கிறவள் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. மூளை வளர்வது பிரசவம் வரைக்கும் நடக்கிறது, எடைக் குறைவு, குறைப்பிரசவம் எல்லாம் பின்னால் வருகிற பிரச்சினைகள்.

இங்கே கொஞ்சம் விலகிப் பேசுகிறேன். எங்கள் மாவட்டத்தில் தோல் தொழிலின் கேட்டைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. பாலாறு, கிணறுகள், ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுமேடு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாடு முழுவதும் சட்டம் படிப்பவர்கள் படிக்கிறார்கள்; கேடு வரும் என்று முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. ஆற்றுக்குக் கிடைத்த அந்த முன்னெச்சரிக்கை, தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே மேசையில் குனிந்திருக்கும் பெண்ணின் வயிற்றுக்கு வந்து சேரவில்லை.

சட்டத்தைப் பற்றி இன்னொரு விஷயம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ கருவைப் பாதிக்கக்கூடிய வேலையோ தரக் கூடாது என்று இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது நடப்புக்கு வந்த காலம், பிரசவத் தேதிக்கு முந்தைய 6 வாரங்களுக்கு முன்னால் உள்ள ஒரு மாதத்திலிருந்து. கணக்குப் போட்டால் ஏழாம் மாதம். வளைகாப்புக்கும் சட்டத்துக்கும் ஒரே முகூர்த்தம்! அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே கணக்குதான் எழுதப்பட்டிருக்கிறது. முதல் எட்டு வாரத்துக்கு வீட்டிலும் காவல் இல்லை, சட்டத்திலும் காவல் இல்லை. அந்த இடைவெளியை நாமே கேட்டுத்தான் அடைக்க வேண்டும்.

2023இல் இரண்டாவது பிள்ளைக்கு நாங்கள் முடிவு செய்தபோது நான் கருத்தரிக்கும் முன்பே கேட்டேன். மருத்துவர் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உடனே தொடங்கச் சொன்னார். பின்னால் மூளையும் முதுகுத்தண்டும் ஆகிற நரம்புக் குழாய் மூடுவது கருத்தரித்த 28ஆம் நாளுக்குள். நாள் தள்ளி, சோதித்து, மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்குவதற்குள் அந்தக் கதவு சாத்தியிருக்கும். முதல் குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தவர்களுக்கு அளவு இதைவிடப் பல மடங்கு கூடுதல். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். இந்த மாத்திரை சொல்யூஷனுக்கு மாற்று மருந்து இல்லை. மாத்திரை சாப்பிடுகிறாயே, பிறகென்ன என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு.

கம்பெனிக்குக் கொடுத்த கடிதத்தில் 'லேசான வேலை' என்ற வார்த்தையே வரக் கூடாது என்று கவனமாக இருந்தேன். காரணம் முன்பே சொன்னதுதான்: லேசான வேலை என்றால் மறுபடியும் பேஸ்டிங் மேசை. நான் எழுதியது இது: "மருத்துவர் அறிவுரைப்படி, சொல்யூஷன், தின்னர், ப்ரைமர் பயன்படுத்தும் பிரிவுகளிலும் அவற்றின் ஆவி வரும் இடங்களிலும் அல்லாமல் வேறு பணி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." மருத்துவர் சீட்டிலும் இதே சொற்களை எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் கேட்டேன். ஹெச்.ஆர். மேடம் முகம் சுளித்தார், ஆனால் போட்டுக் கொடுத்தார்.

முதலில் கொடுத்த இடம், அதே கூடத்தில் இரண்டு மேசை தள்ளி அப்பர்களை எண்ணிக் கட்டும் வேலை. அது இடமாற்றம் என்று காகிதத்தில்தான் இருந்தது. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது. மேசை மட்டத்தில் தேங்கிப் பக்கத்துக்குப் பக்கம் நகரும். மேலே சுழலும் மின்விசிறி அதைக் கூடம் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுக்கும், வெளியே தள்ளாது. வெளியே தள்ள மேசைக்கு அருகிலேயே இழுக்கும் குழாய் வேண்டும். நான் மறுபடி கேட்டு, தோல் அடுக்கும் அறைக்குப் போனேன். அங்கே கணக்கு எழுதும் வேலை. இன்சென்டிவ் போய்விட்டது, மாதக் கடைசியில் அது உறைத்தது.

வேலையை விட்டுவிடு என்று என் கணவர் வீட்டில் சொன்னார்கள். அப்படி விடுகிறவர்கள் ஒருமுறை ஈஎஸ்ஐ அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. அதற்குப் பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புப் பருவங்களில் 70 நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அவசரப்பட்டு நின்றால் அந்தப் பணம் கைக்கு வராமல் போகலாம். கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால் கூடுதலாக ஒரு மாதமும் உண்டு.

கேட்க முடியாத பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால், தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள். எங்கள் லைனில் ஓர் அக்கா இருந்தார். யாருக்காவது நாள் தள்ளினால் அவரிடம் மட்டும் காதில் போட்டுவிட வேண்டும். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் அவளை மடித்துத் தட்டும் வேலைக்குத் தள்ளிவிட்டு, பிரஷ்ஷை வயதான ஒருத்தியிடம் கொடுப்பார். கிண்ணத்தைப் பாதி மூட ஓர் அட்டையும் வெட்டி வைத்திருந்தார். இது பெரிய பாதுகாப்பு இல்லை, தட்டுகிறவளும் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஆனால் நான் பார்த்த எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அந்த அக்காவிடம் விவரம் அதிகம்.

துணி முகமூடி, கொரோனாக் காலத்து என் 95, இரண்டும் தூசுக்குத்தான், ஆவிக்கு உதவாது. ஆவிக்கு, உள்ளே கரி நிரப்பிய குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். அதையும் காலம் பார்த்து மாற்ற வேண்டும், வாசனை உள்ளே வந்தால் குப்பி தீர்ந்தது என்று பொருள். மருத்துவமனைகளில் போடும் மெல்லிய ரப்பர் கையுறை டொலுயீனில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். எங்கள் ஊரில் மிக மோசமான பழக்கம், வேலை முடிந்து தின்னரை ஊற்றிக் கையைக் கழுவுவது. ஒட்டிய சொல்யூஷனை எண்ணெய் தேய்த்து உரித்துவிட்டுச் சோப்புப் போட்டால் போதும். வேலைச் சேலையோடு பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் மாற்றிக்கொள்வதும் நல்லது.

18ஆம் வாரத்துக்கும் 22ஆம் வாரத்துக்கும் இடையில் எடுக்கும் விரிவான ஸ்கேனுக்குப் போகும்போது என்ன வேலை, எந்த மாதம் வரை செய்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். உதட்டுப் பிளவை அதில் பெரும்பாலும் பார்த்துவிடலாம். அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால் தவறிப்போவதுண்டு. அப்படி ஏதாவது குறையோடு பிள்ளை பிறந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் கொண்டுபோகலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவு, வளைபாதம், பிறவி இதய நோய், பிறவிக் கண்புரை போன்றவற்றுக்குச் சிகிச்சை இலவசம்.

மகள் எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தாள். இடம் மாறியதால்தான் என்று சொல்ல மாட்டேன். மகனைப் பற்றிச் சொன்ன நியாயம் மகளுக்கும் பொருந்தும். கம்பெனியில் ஒரு ஆடிட்டுக்குப் பிறகு ஒரே ஒரு லைனில் தண்ணீரில் கரையும் பசை கொண்டுவந்தார்கள். உலர நேரமாகிறது, சூடாக்க வேண்டியிருக்கிறது, டார்கெட் விழுகிறது என்று மற்ற லைன்களுக்குப் போகவில்லை. மாசமாக இருக்கும் பெண்களை அந்த லைனுக்கு அனுப்பச் சொல்லி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்; பதில் வரவில்லை, அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறோம்.